கொட்டகைச் சுவரில் என் பெயர்

வடக்கேயிருந்து எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் ஓடைப்பாலத்தருகே வந்ததும் அக்கரையில் முதலில் பார்ப்பது வெர்னாவின் மாட்டுக்கொட்டகையைத்தான். வெர்னா என் மனைவி நோரீனின் அக்கா. அந்தக் கொட்டகையின் சிவப்புச் சுவரில் ஆள் உயர வெள்ளை எழுத்தில் என் பெயர் இருக்கிறது. ஈஸ்ட் ஹார்லோவில் வேறு எவனுடைய பெயரும் அவ்வளவு பெரிதாக எழுதப்பட்டதில்லை. நாட்டுக்காகச் செத்தவர்களுக்கு ஊர்த்திடலில் ஒரு கல்தூண் இருக்கிறது, அதில்கூட விரல் நீள எழுத்துதான். வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்திப் படம் பிடிப்பார்கள். சிலர் என் பட்டறை வரை விசாரித்துக்கொண்டு வந்து, அந்த ஹாலிஸ் நீங்கள்தானா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். என்னைத் திட்டித்தான் எழுதியிருக்கிறது, ஆனாலும் மறைத்து என்ன ஆகப்போகிறது? அதை எழுதியதே நான்தானே.

என் பெயர் ஹாலிஸ் ஃபைஃபீல்டு. மரம் அறுக்கும் மோட்டார் ரம்பம், புல்வெட்டி, பனி தள்ளும் இயந்திரம் என்று நின்றுபோனது எதைக் கொண்டுவந்தாலும் ஓட வைத்துக் கொடுப்பேன். அதோடு நிறுத்தியிருந்தால் இந்த வெர்மான்ட் மலையில் நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்திருப்பேன். எனக்கு ஒரு வியாதி இருந்தது. நாட்டின் அரசியல் சட்டத்தைச் சட்டைப்பை அளவில் அச்சடித்து ஒரு சந்தையில் சும்மா கொடுத்தார்கள். அன்றைக்கு நெஞ்சுப் பையில் வைத்தவன்தான், பிறகு எடுக்கவே இல்லை. ரம்ப எண்ணெய் ஊறி அட்டை கறுத்துப்போனது. பிளக் மாற்ற வந்தவன் வாஷிங்டன் எப்படி நம் கழுத்தை நெரிக்கிறது என்பதையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ரம்பத்தைக் கொடுத்துவிட்டு, ஹாலிஸ் பேச ஆரம்பிப்பதற்குள் வாசலில் நிற்கும் வண்டியை நோக்கி ஓடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பயந்த சுபாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் புத்தகத்தின் முதல் திருத்தம் எனக்கு மனப்பாடம்: பேச்சுரிமையைக் குறைத்து நாடாளுமன்றம் எந்தச் சட்டமும் போடக் கூடாது. பத்தாவது திருத்தம் அதைவிட இனிப்பு: வாஷிங்டனுக்கு எழுதிக் கொடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் சொந்தம். பத்தோடு புத்தகத்தை மூடிவிடுவேன். அதற்கு மேல் இருப்பது அடிமைகள் விடுதலை, வருமான வரி, சாராயம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டேன்.

இப்படிப்பட்டவனைக் கான்ஸ்டபிள் ஆக்கியது ஊர் செய்த தப்பு. மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை ஊரே பள்ளிக்கூட மண்டபத்தில் கூடி, சாலைக்கு மண் போடுவது முதல் வேலி பார்க்க ஆள் போடுவது வரை கை தூக்கி முடிவு செய்கிற வழக்கம் எங்களுக்கு உண்டு. யாருக்கும் வேண்டாத பதவி வந்தால் அந்த நேரத்தில் கழிப்பறைக்குப் போயிருப்பவன் தலையில் கட்டுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் அன்று காலையில் காபிகூடக் குடிக்க மாட்டார்கள். நான் அன்று மதியச் சாப்பாட்டில் வெர்னா கொண்டுவந்திருந்த வேகவைத்த பீன்ஸை மூன்று தட்டு தின்றிருந்தேன். திரும்பி வந்தபோது கைதட்டினார்கள். என் பேச்சை நினைத்துத் தட்டுகிறார்கள் என்று கையசைத்தேன். நான் கான்ஸ்டபிள் ஆகிவிட்டது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஒரு பித்தளை வில்லையை நானே வாங்கி, அரசியல் சட்டம் இருக்கும் பைக்கு மேலே குத்திக்கொண்டேன். வேலை என்று பார்த்தால், யாருடைய நாயாவது யாருடைய கோழியையாவது பிடித்தால் போய் நாய்க்காரரிடம் பேச வேண்டும். சம்மன் வந்தால் கொடுக்க வேண்டும். நோரீன் அந்த வில்லையை முதல்முறை பார்த்தபோது, துவைக்கும்போது கழற்றிக் கொடு என்று மட்டும் சொன்னாள்.

வெர்னா எனக்கு நேர் எதிர். பேசவே மாட்டாள். எலும்பு பெருத்த உடம்பு, ஆண்பிள்ளைகளின் ரப்பர் பூட்ஸ், எட்டு வயதிலிருந்து மாடு கறந்து காய்த்துப்போன கை. கனடா எல்லையிலிருந்து கூலிக்கு வந்த ஆர்மான் லாமுரோவைக் கல்யாணம் செய்துகொண்டு ஓடைக்கு அப்பால் இருக்கும் மலைப்பண்ணைக்குப் போனாள். ஆர்மான் எனக்குச் சகலை. நல்ல சகலை. நான் பேசுவதை முழுசாகக் கேட்கிற ஒரே மனிதன். அவனுக்கு ஒரு காது மந்தம் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. பால் மாடுகள் கட்டுப்படியாகாமல் போன பிறகு அவர்கள் மேப்பிள் மரத்துச் சாறு இறக்கிப் பாகு காய்ச்சிப் பிழைத்தார்கள். தேவாலயத்தில் வெர்னா பாட்டுக் குழுவில் நிற்பாள், சுருதி சேராது, ஆனால் விடமாட்டாள். மற்றபடி நாலு பேர் முன்னால் வாய் திறக்கச் சொன்னால் அவளுக்குக் கழுத்து வரை சிவந்துவிடும்.

அந்த மலைக்கு ஒழுங்கான வழி ஓடைப்பாலம் ஒன்றுதான். இரும்புச் சட்டம், மேலே மரப்பலகை, என் தாத்தா காலத்துப் பாலம். இன்னொரு வழி காட்டுக்குள்ளே உண்டு. பனிக்காலத்தில் அங்கே பனியை யாரும் தள்ளிவிடுவதில்லை, பனி உருகும் மாதத்தில் டிராக்டரே புதைந்துவிடும். சட்டத்தில் துரு ஏறிவிட்டது, பழுது பார்க்காவிட்டால் பாலத்தை மூட வேண்டியிருக்கும் என்று மாநிலத்திலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். பழுது பார்க்க ஊரிடம் வழியில்லை. வாஷிங்டன் பாலங்களுக்கு உதவித்தொகை கொடுத்துக்கொண்டிருந்தது. கேட்டால் கிடைக்கும்.

கேட்கலாமா என்று மார்ச் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வைத்தார்கள். நான் கான்ஸ்டபிள் ஆனதற்கு அடுத்த வருஷம் அது. வெர்னா எழுந்தாள். "அந்தப் பாலம் எங்களுக்கு வேணும்" என்றாள். கழுத்து சிவந்தது, உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு நான் எழுந்தேன். உட்காரவில்லை. இன்று பாலம் கொடுக்கிறவன் நாளை அந்தப் பாலத்தில் யார் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்வான் என்றேன். அமெரிக்காவோடு சேருவதற்கு முன்னால் இந்த வெர்மான்ட் தனிக் குடியரசாக இருந்தது தெரியுமா என்றேன். எல்லோருக்கும் தெரியும், ஆரம்பப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். பத்தாவது திருத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தேன். பின்வரிசையில் சாப்பாட்டு வாசனை வந்துவிட்டது, சிலர் சீக்கிரம் முடிக்கட்டும் என்றே என் பக்கம் கை தூக்கினார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அன்று என் நாவன்மை என்று நினைத்தேன். தீர்மானம் தோற்றது. வரப்போகும் குளிர்காலம் முடிந்ததும் பாலத்தை மூடுவது என்று முடிவாயிற்று. மத்தியானம் வெர்னாவின் பீன்ஸைத் தட்டில் போட்டுக்கொள்ளப் போனேன். அவள் பாத்திரத்தை மூடிவிட்டாள்.

அந்த வசந்தத்தில் ஆர்மானுக்குச் சிறுநீரகம் இரண்டும் போயிற்று. வாரத்தில் பாதி நாள் மருத்துவமனைக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். பாலம் மூடினால் அதற்கடுத்த குளிர்காலத்தில் அவனால் மலையை விட்டு இறங்க முடியாது. அதாவது பண்ணையை விற்றுவிட்டு டவுனில் ஏதாவது அடுக்குவீட்டில் போய் ஒண்ட வேண்டும். மாடியில் நின்று கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொண்டு ஆர்மான் சாகப்போகிறான் என்று நோரீன் சொன்னாள். சாப்பாட்டு மேஜையில், என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஊர் முன்னால் அவ்வளவு முழங்கிவிட்டு எந்த வாயால் மாற்றிப் பேசுவது? கொள்கை என்று ஒன்று இருக்கிறதே என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஜூலையில் வெர்னா ஏணி போட்டுச் சுவரில் எழுதினாள். பேச வராதவள் எழுதியது இதுதான்: "இந்தப் பாலத்தை வாஷிங்டனிடமிருந்து ஹாலிஸ் ஃபைஃபீல்டு காப்பாற்றிவிட்டான். ஹாலிஸிடமிருந்து காப்பாற்றுவது யார்?"

ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் ஒவ்வொருவனும், ஹாலிஸ், இதை யாரிடமிருந்து காப்பாற்றணும் என்று கேட்டான். தபால் நிலையத்தில் சிரித்தார்கள், தேவாலயத்தில் பாதிரியார் இருமுவதுபோல் நடித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஊர்க்குழுத் தலைவர் பெர்லி கில்மனுக்கு வேறு கவலை. இலைகள் நிறம் மாறும் மாதம் வந்தால் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள், எல்லோரும் அந்தப் பாலத்தில்தான் நிற்பார்கள். இந்த மாநிலத்தில் சாலையோர விளம்பரப் பலகையே கிடையாது. மலை தெரிய வேண்டும் என்று எப்போதோ தடை போட்டுவிட்டார்கள், அதில் எங்களுக்கு ஒரு கர்வம். அதைச் சாக்காக வைத்து, கட்டடச் சுவரில் முழ நீளத்துக்கு மேல் எழுத்து கூடாது என்று குழு ஒரு விதி கொண்டுவந்தது. ஊரில் முழ நீள எழுத்து வேறு எங்கேயும் இல்லை. யாருக்காகப் போட்ட விதி என்று தெரியாதவர்களும் யாரும் இல்லை.

குழுவில் ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தியது. பேச்சுரிமை என்று ஒன்று சொல்வார்களே, அதற்கு இடிக்காதா என்று கேட்டார். பெர்லி என்னைப் பார்த்தார். சட்டம் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. எழுந்து நெஞ்சுப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். நாடாளுமன்றம் எந்தச் சட்டமும் போடக் கூடாது என்றுதான் இருக்கிறது, இது நாடாளுமன்றமா என்று கேட்டேன். எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள். தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகை அது. இரண்டு மடக்கு மேஜை, காபி பானை, பெர்லியின் நாய். நாடாளுமன்றம் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். விதி நிறைவேறியது. ஆகா ஹாலிஸ், என்று என்னை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வெர்னா அழிக்க மாட்டேன் என்றாள். அப்படியானால் ஊரே அழிக்கும், ஊர் என்றால் கான்ஸ்டபிள். செப்டம்பரில் ஒரு நாள் ஏணியும் ஒரு வாளி சிவப்பு வண்ணமுமாகப் போய் நின்றேன். அவள் பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"வாய்யா கான்ஸ்டபிள். காபி குடிச்சுட்டு அழிக்கிறியா, அழிச்சுட்டுக் குடிக்கிறியா?"

நான் விதியைப் படித்துக் காட்டினேன். அவள் கடைசி வரை கேட்டாள்.

"இருபது வருஷமா அந்தப் புஸ்தகத்தை நெஞ்சுல வெச்சுக்கிட்டு அலையுற. நமக்கும் அவங்களுக்கும் நடுவுல இதுதான் வேலின்னு சொன்ன. நான் படிச்சவ இல்ல ஹாலிஸ், நீ சொன்னதை நம்பிட்டேன். இப்ப வேலிக்கு இந்தப் பக்கம் ஏணியோட நிக்கிறது யாரு?"

"அது வாஷிங்டனுக்குப் போட்ட வேலி, வெர்னா. நாம ஊரு."

"அப்ப என் வாயை வாஷிங்டன் பொத்தக் கூடாது. நீ பொத்தலாம்."

"சட்டப்படி பாத்தா... ஆமா."

அப்படியே சொன்னேன். வார்த்தை மாறாமல். இன்றும் பல் தேய்க்கும்போது நினைவுக்கு வந்தால் கண்ணாடியைப் பார்க்க முடிவதில்லை. வீட்டு ஜன்னலில் ஆர்மான் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துக் கையாட்டினான். அவனுக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது, அல்லது எல்லாம் கேட்டும் ஆட்டினானோ, தெரியாது. நானும் தூரிகையோடு கையாட்டினேன்.

எழுத்து எழுத்தாக அடித்தேன். இறங்கித் தள்ளி நின்று பார்த்தால், கொட்டகை வெயிலில் வெளுத்த பழைய சிவப்பு, நான் பூசியது புதுச் சிவப்பு. என் பெயர் இரத்தம் போல் பளிச்சென்று தெரிந்தது. முன்னைவிட நன்றாகப் படிக்க முடிந்தது. பெர்லிக்குத் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். முழுச் சுவரையும் அடித்து முடிக்க இன்னும் சில நாள் ஆனது. வருஷக்கணக்காக வண்ணம் காணாத கொட்டகைக்கு ஊர் செலவில் புதுப் பூச்சு. வெர்னா கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தபடி, மூலையில் விட்டுப்போன இடங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நோரீன் அன்று முதல் எனக்கு வேகவைத்த பீன்ஸ் மட்டும் வைத்தாள். காலையிலும் அதேதான். பேச்சு இல்லை.

அடுத்து வந்தது வழக்கு. டவுனில் ஒரு வக்கீல் பெண் இருந்தாள், டெலியா ராபர்ஜ் என்று பெயர், இந்த மாதிரி வழக்கைக் காசு வாங்காமல் நடத்துகிறவள். வெர்னாவின் சார்பில் ஊர்மேலும் என்மேலும் வழக்குப் போட்டாள். எங்கே போட்டாள் என்பதுதான் விசேஷம். பர்லிங்டனில், மத்திய நீதிமன்றத்தில். வாஷிங்டனின் நீதிமன்றம். எந்த வாஷிங்டனிடமிருந்து இந்த ஊரைக் காப்பாற்ற நான் பிறவி எடுத்ததாக நினைத்திருந்தேனோ, அந்த வாஷிங்டன் என்னிடமிருந்து என் மனைவியின் அக்காவைக் காப்பாற்ற வந்தது. ஊரில் சம்மன் கொடுக்கிற வேலை கான்ஸ்டபிளுடையது. எனக்கு நானே கொடுத்துக்கொள்ள முடியாது என்பதால் பக்கத்து ஊர் கான்ஸ்டபிள் வந்தார். கொடுத்துவிட்டு, சிரிப்பு நிற்கும் வரை என் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தார்.

பெர்லியும் நானும் ஊர் வக்கீல் வின்ஸ்லோ கேட்டிடம் போனோம். கிழவர், எங்கள் அப்பன்மார் காலத்திலிருந்து ஊருக்கு வக்கீல். என் நாடாளுமன்ற வாதத்தை அவரிடம் எடுத்து வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புத்தகத்தைக் கொடு என்றார். எண்ணெய் அட்டையை இரண்டு விரலால் பிடித்துப் புரட்டினார்.

"பத்தோட நிறுத்திட்டியா?"

"பத்தாவதுதான் எனக்குப் பிடிச்சது."

"பதினாலைப் படி. சத்தமாப் படி."

படித்தேன். எந்த மாநிலமும் முறையான சட்ட வழியில்லாமல் எந்த மனிதனின் உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்றது. மாநிலம். அந்த இடத்தில் என் குரல் இறங்கிப்போனது.

கிழவர் பொறுமையாகச் சொன்னார். நான் சொன்னது ஒரு காலத்தில் சரியாம். முதல் பத்துத் திருத்தங்களும் வாஷிங்டனைக் கட்டிப்போட மட்டுமே எழுதினவை. மாநிலம் வாயைப் பொத்தினால் அவற்றைக் காட்டித் தப்பிக்க முடியாது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, விடுதலையான மக்களை அவரவர் மாநிலமே மறுபடி மிதிக்க ஆரம்பித்தபோது, இந்தப் பதினாலாவதைப் போட்டார்கள். பிறகு நீதிமன்றங்கள் மெல்ல மெல்ல, ஒவ்வோர் உரிமையாக, இது மாநிலத்தையும் கட்டும், இதுவும் கட்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தன. பேச்சுரிமை அதில் எப்போதோ வந்துவிட்டது. ஊர் என்பது மாநிலம் பெற்ற பிள்ளை. அப்பனைக் கட்டுவது பிள்ளையையும் கட்டும்.

"உள்நாட்டுப் போருக்கு முன்னாடி செத்திருந்தா நீ பெரிய சட்ட மேதை, ஹாலிஸ். கொஞ்சம் லேட்டாப் பொறந்துட்ட" என்றார்.

பெர்லி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், என்னைத் தெரியாதவர்போல.

கிழவர் அதோடு விடவில்லை. வெர்மான்ட் தனிக் குடியரசாக இருந்தது என்று ஊர்க்கூட்டத்தில் முழங்கினாயே, அந்தக் குடியரசு எழுதிய அரசியல் சட்டத்தைப் படித்திருக்கிறாயா என்று கேட்டார். படித்ததில்லை. எங்கே கிடைக்கும் என்றுகூடத் தெரியாது. அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். அரசாங்கம் செய்யும் காரியங்களைப் பற்றிப் பேசவும் எழுதவும் மக்களுக்கு உரிமை உண்டு என்று இருந்தது. நாடாளுமன்றம் கீடாளுமன்றம் ஒன்றும் இல்லை. வாஷிங்டன் ஒரு ஊராவதற்கு முன்னாலேயே, எங்கள் ஆட்கள், எங்கள் மலையில் உட்கார்ந்து எழுதி வைத்துவிட்டார்கள். இரண்டு வேலி. இரண்டையும் ஏணி வைத்துத் தாண்டியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது ஊர்த்திடலில் வண்டியை நிறுத்தினேன். அந்தக் கல்தூணைச் சுற்றிக் கோடை முழுக்கப் புல் வெட்டுவது நான்தான். மே மாதம் கொடியேற்றி அதில் இருக்கும் பெயர்களை வாசிப்பதும் நான்தான், என் குரல் கணீரென்று இருக்குமாம். உள்நாட்டுப் போரில் செத்தவர்கள். அதில் இரண்டு ஃபைஃபீல்டு இருக்கிறார்கள், அண்ணன் தம்பி. அவர்கள் செத்த சண்டையில் பிறந்த பக்கத்தைத்தான், நமக்கு எதற்கு என்று இத்தனை வருஷம் புரட்டாமல் விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வில்லையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நீதிபதியின் முன் போய் நிற்கவில்லை. கிழவர் சமரசம் பேசினார், விதியை ஊர் வாபஸ் வாங்கியது. வக்கீல் பெண் நஷ்டஈடும் கேட்கலாம் என்றாளாம். வெர்னா வேண்டாம் என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: அழிச்ச கையே எழுதணும்.

நவம்பரில் வெயில் அடித்த ஒரு நாள் வெள்ளை வண்ணத்தோடு போனேன். வாளி கவிழ்ந்திருந்தது, வெர்னா அதில் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டி நானே எழுத ஆரம்பித்தேன். உலகத்தில் எத்தனை பேருக்கு இந்தப் பாக்கியம் கிடைத்திருக்கும்?

"உன் பேரு சின்னதா இருக்கு" என்றாள் வெர்னா.

"இவ்வளவுதான் இருந்துச்சு."

"அழிச்சவனுக்கு ஞாபகம் இருக்குமா, எழுதினவளுக்கு இருக்குமா?"

பெரிதாக்கினேன். மத்தியானத்தில் ஆர்மானை மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று அவள் எழுந்து போனாள். நான் ஏணியில் இரண்டாவது வரியில் இருந்தேன். அங்கிருந்து பாலம் நன்றாகத் தெரிந்தது. என் பட்டறை ஓடைக்கு மறுபுறம், வளைவுக்குப் பின்னால். அதனால் அவர்கள் பாலத்தைக் கடப்பதை நான் பார்த்ததே இல்லை. செப்டம்பரில் இதே ஏணியில் நின்றபோதும் சுவரைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

வெர்னா பாலத்தின் முனையில் வண்டியை நிறுத்தினாள். இறங்கி வந்து ஆர்மானை இறக்கிவிட்டாள். அவன் தடியை ஊன்றிக்கொண்டு பலகைமேல் நடக்க ஆரம்பித்தான். ஓடையிலிருந்து காற்று அடித்தது, நடுவில் நின்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அவன் அக்கரைக்குப் போய்ச் சேரும் வரை அவள் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு தன் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெறும் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு போனாள். அக்கரையில் அவனை ஏற்றிக்கொண்டாள்.

ஒவ்வொரு முறையும் இப்படித்தான் போயிருக்கிறார்கள். பாலம் விழுந்தால் அவன் உள்ளே இருக்கக் கூடாது என்று. நான் ஏணியிலேயே நின்றேன். தூரிகையிலிருந்து வெள்ளை வழிந்து கை முழுக்க ஆகிவிட்டது. அழுகை வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் "காப்பாற்றுவது யார்?" என்பதை வெர்னா எழுதியிருந்ததைவிடப் பெரிதாக எழுதினேன். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தவள் காபி கொடுத்தாள்.

அடுத்த மார்ச் கூட்டத்தில் வாஷிங்டனிடம் உதவித்தொகை கேட்பது பற்றிய தீர்மானத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். நான் எழுந்ததும் மண்டபத்தில் பெருமூச்சு கேட்டது. ஒருவன் சாப்பாட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"போன வருஷம் நான் பேசினது தப்பு. கொட்டகைச் சுவர்ல எழுதியிருக்கிறதுதான் சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

என் வாழ்நாளில் இவ்வளவு சின்னதாக நான் பேசியதில்லை. வேறு யாரும் பேசவில்லை. கை தூக்கச் சொன்னார்கள், தூக்காதவர்களைத் தேட வேண்டியிருந்தது. அடுத்து கான்ஸ்டபிள் தேர்தல். நான் எங்கும் போகாமல் உட்கார்ந்தே இருந்தேன், ஆனாலும் என்னையே போட்டார்கள். இனி இவனால் ஆபத்து இல்லை என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். மத்தியானம் வெர்னா பீன்ஸ் பாத்திரத்தை மூடவில்லை.

மாநிலத்து ஆட்கள் பழைய பாலத்துக்கு முட்டுக் கொடுத்துத் தற்காலிகமாக ஓட விட்டார்கள். மறுவருஷம் புதுப் பாலம் வந்தது. திறந்த அன்று ஆர்மான் முன்சீட்டில் உட்கார்ந்தபடி, ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தூங்குவதுபோல் பாவனை செய்துகொண்டு அக்கரைக்குப் போனான். அதன்பின் நாலைந்து குளிர்காலம் இருந்தான். அவன் போனது சொந்தக் கட்டிலில், மேப்பிள் பாகு கொதிக்கிற வாசனை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்த ஒரு காலையில்.

அதற்கு அடுத்த கோடையில் வெர்னாவைப் பார்க்கப் போனேன். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நானும் இன்னொரு வாளியைக் கவிழ்த்துக்கொண்டேன். ரொம்ப நேரம் சுற்றி வளைத்துவிட்டு, கடைசியில் கேட்டேன்.

"பாலம்தான் வந்துடுச்சே, வெர்னா. அந்த எழுத்தை இப்ப அழிச்சுடட்டுமா?"

அவள் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இப்பக் கேக்குற பாரு, அழிக்கட்டுமான்னு. நீ கேக்கணும்னுதான் அதை விட்டு வெச்சிருக்கேன்."

நானும் ஒரு பிடி பட்டாணியை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். அவள் மறுபடி பட்டாணியைக் கையில் எடுத்தாள்.

"மழைக்கு முன்னாடி ஒரு பூச்சு குடுத்துடு ஹாலிஸ். உன் பேரு மங்கிக்கிட்டு வருது."

மறுநாள் ஏணியை எடுத்துக்கொண்டு போனேன்.